பல் மருத்துவமனைக்கு ஓசை குறைந்த ஏர் கம்ப்ரசர்: கணக்கிட்டு வாங்கவும் இடம் பார்த்து நிறுவவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஏர் கம்ப்ரசர் வாங்கச் செல்லும் பல் மருத்துவர்கள் பெரும்பாலும் விற்பனையாளரிடம் முதலில் கேட்பது "எத்தனை டெசிபல்?" என்றுதான். நியாயமான கேள்வியே ஆனாலும், அதை முதலில் கேட்டால் தவறான இயந்திரம் வந்து சேர வாய்ப்பு அதிகம். மருத்துவமனைக்குள் காதில் விழும் ஓசையை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: இயந்திரம் தன்னளவில் எழுப்பும் ஒலி, ஒரு மணி நேரத்தில் அது எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பது, எந்த இடத்தில் எதன்மேல் அது நிற்கிறது என்பது. விளம்பரத் தாளில் அச்சாகியிருப்பது இவற்றில் முதலாவது மட்டுமே. மற்ற இரண்டும் வாங்குபவர் கையில் இருக்கின்றன. அவற்றைச் சரியாகச் செய்தவருக்கு நடுத்தர விலை இயந்திரம் கூட அமைதியாக உழைக்கும், செய்யாதவருக்கு விலை உயர்ந்த இயந்திரமும் நாள் முழுவதும் தலைவலியாகவே இருக்கும்.

நம் ஊர்களில் பல் மருத்துவமனைகள் பெரும்பாலும் வீட்டின் கீழ்த்தளத்திலோ, கடைகளுக்கு மேலே முதல் மாடியிலோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் ஓரத்திலோ அமைகின்றன. சேரில் சாய்ந்திருக்கும் நோயாளி ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கிறார். முகக்கவசத்துக்குள்ளிருந்து மருத்துவர் பேசுவது பக்கத்து அறை இரைச்சலில் அவருக்குப் பாதிதான் கேட்கிறது. மாடியில் குடியிருக்கும் முதியவருக்கோ தரை வழியாக அதிர்வு ஏறுகிறது. சட்டத்தின் பக்கமும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசுபாடு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் அது 50, 40 என இன்னும் இறங்குகிறது. இந்த வரம்புகள் சுற்றுப்புறத்தில் அளக்கப்படும் ஒலிக்கானவை என்றாலும், பக்கத்து வீட்டுச் சன்னலை ஒட்டிக் கம்ப்ரசரை வைப்பவர் இவற்றை மனத்தில் கொள்ளத்தான் வேண்டும்.

முதல் படி: எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்கிடுங்கள்

1957-இல் ஜான் போர்டன் அறிமுகப்படுத்திய ஏரோட்டர், அதாவது பல்லைக் குடையும் அதிவேகக் கைக்கருவி, காற்றால் சுழலும் சிறு விசையாழியைக் கொண்டது. இன்றைய ஏரோட்டர்கள் நிமிடத்துக்கு மூன்று முதல் நான்கு லட்சம் சுற்றுகள் வரை சுழல்கின்றன. அந்த வேகத்துக்குக் கைக்கருவியின் நுழைவாயிலில் ஏறத்தாழ 2.2 முதல் 2.8 பார் அழுத்தமும், நிமிடத்துக்குச் சுமார் 35 முதல் 50 லிட்டர் காற்றும் தேவைப்படுகின்றன. வழியில் ஏற்படும் அழுத்த இழப்பையும் சேருக்குள் அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கும் ரெகுலேட்டரையும் கணக்கில் கொண்டு, சேரின் அடியில் 5 முதல் 5.5 பார், அதாவது 75 முதல் 80 பி.எஸ்.ஐ. வரை, நிலையாகக் கிடைக்க வேண்டும். நீரையும் காற்றையும் பீய்ச்சும் த்ரீ-வே சிரிஞ்சு அவ்வப்போது கொஞ்சம் காற்றை எடுக்கும். ஆகவே, சாதாரணச் சேர் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 60 லிட்டர் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு.

இந்த இடத்தில் பலருடைய கணக்கைக் கவிழ்ப்பது சக்ஷன். சில சேர்களில் எச்சிலையும் நீரையும் உறிஞ்சும் வேலையைத் தனி மோட்டார் செய்கிறது; வேறு சிலவற்றில் அழுத்தப்பட்ட காற்றையே ஒரு குறுகிய வாயின் வழியே பாய்ச்சி அதனால் வெற்றிடம் உண்டாக்கும் வெஞ்சூரி அமைப்பு இருக்கிறது. இரண்டாவது வகை, ஏரோட்டருக்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ காற்றைக் குடிக்கும். அதுவும் ஏரோட்டர் ஓடும் அதே நேரத்தில். உங்கள் சேர் எந்த வகை என்று தெரியவில்லை என்றால், கம்ப்ரசரை நிறுத்திவிட்டு டேங்கில் உள்ள காற்றைக் கொண்டே சக்ஷனை மட்டும் இயக்கிப் பாருங்கள். டேங்கின் அழுத்தமானி முள் மளமளவென்று இறங்கினால் அது வெஞ்சூரிதான். அப்படியானால் சேருக்கு 60 என்ற எண் 110, 120 என்று உயரும். பற்காரையை நீக்கும் ஸ்கேலர் காற்றால் இயங்குவதாக இருந்தால் அது, ஏர் மோட்டார், மணல் தூவிப் பல்லைத் தேய்க்கும் கருவி ஆகியவற்றையும் இதே போல விசாரித்துச் சேர்க்க வேண்டும். மின்சாரத்தால் ஓடும் மைக்ரோமோட்டார், எண்டோ மோட்டார், பீசோ ஸ்கேலர் ஆகியவற்றால் காற்றுத் தேவை பெரிதாக ஏறாது.

ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதோடு செல்வோம். சென்னையில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு சேர்கள் கொண்ட மருத்துவமனை. இரண்டிலும் சக்ஷன் மோட்டாரில் இயங்குவது. இரு சேர்களிலும் ஒரே நேரத்தில் ஏரோட்டர் ஓடினால் உச்சத் தேவை நிமிடத்துக்கு 120 லிட்டர். கோடை வெப்பம், காலப்போக்கில் பிஸ்டன் வளையம் தேய்வது, இணைப்புகளில் சிறு கசிவு என்று கால் பங்கு கூட்டினால் 150 லிட்டர். மூன்று நான்கு சேர்கள் உள்ள இடத்தில் எல்லாம் ஒருசேர ஓடுவது அரிது என்பதால் மொத்தத்தில் 70 சதவீதம் எடுத்துக்கொள்ளலாம்; ஒன்றிரண்டு சேர்களுக்கு அந்தக் குறைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் படி: விற்பனைத் தாளில் உள்ள எண்ணைச் சோதியுங்கள்

தேவை 150 என்று தெரிந்ததும், "நிமிடத்துக்கு 150 லிட்டர்" என்று எழுதிய இயந்திரத்தைத் தேடினால் ஏமாற்றம் நேரும். பல தாள்களில் தரப்படுவது சிலிண்டரின் கொள்ளளவையும் சுற்று வேகத்தையும் பெருக்கி வந்த உறிஞ்சளவு. பிஸ்டன் ஒவ்வொரு முறையும் அவ்வளவு காற்றை உள்ளிழுக்க இடம் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அழுத்தத்தோடு டேங்குக்குள் போய்ச் சேர்வது அதைவிடக் குறைவு. 5 பார் அழுத்தத்தில் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்ற எண்ணையே கேட்க வேண்டும். சிறிய பிஸ்டன் இயந்திரங்களில் இது உறிஞ்சளவில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் இருக்கும். எண் சி.எஃப்.எம். (நிமிடத்துக்குக் கன அடி) என்று தரப்பட்டிருந்தால் 28.3 ஆல் பெருக்கி லிட்டராக்கிக்கொள்ளுங்கள். ஒப்பிடுவதற்கு ஒரு பொது அளவு: ஆயில்-ஃப்ரீ (எண்ணெய் இடாத) பிஸ்டன் வகையில் ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு 5 பாரில் சுமார் 70 முதல் 80 லிட்டர். இதைவிட இருமடங்கு என்று ஒருவர் சொன்னால், அவர் வேறு எண்ணைச் சொல்கிறார்.

வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதும் இல்லை. கைப்பேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச் போதும். டேங்கின் வெளியேறும் வால்வை மூடிவிட்டு இயந்திரத்தை ஓடவிடுங்கள். அழுத்தமானி முள் 4 பாரைத் தொடும்போது நேரத்தைத் தொடங்கி, 6 பாரைத் தொடும்போது நிறுத்துங்கள். டேங்கின் கொள்ளளவை 2 ஆல் பெருக்கினால் உள்ளே சென்ற காற்றின் அளவு கிடைக்கும்; அதை நொடிகளால் வகுத்து 60 ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது தெரிந்துவிடும். 50 லிட்டர் டேங்குக்கு உள்ளே சென்றது 100 லிட்டர். அதற்கு 40 நொடி ஆனால் நிமிடத்துக்கு 150, ஒரு நிமிடம் 15 நொடி ஆனால் வெறும் 80. மானியின் முள் எப்போதும் துல்லியமாக இருக்காது என்றாலும், 150-க்கும் 80-க்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட அது தாராளமாகப் போதும். இயந்திரம் சூடான பிறகு, அதாவது பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு ஓடிய பிறகு, இன்னொரு முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். இதைக் கடையிலேயே செய்துகாட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

மூன்றாம் படி: ஓடும் நேரத்தையும் டேங்கின் அளவையும் தீர்மானியுங்கள்

அமைதியின் பாதி இந்தப் படியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. நம் எடுத்துக்காட்டு மருத்துவமனையில் கூட்டமான மாலை வேளையில் சராசரிக் காற்றுத் தேவை நிமிடத்துக்கு 60 லிட்டர் என்று கொள்வோம். 150 லிட்டர் தரும் இயந்திரம் மொத்த நேரத்தில் 150-க்கு 60, அதாவது 40 சதவீதம் ஓடும்: ஒரு மணி நேரத்தில் 24 நிமிட ஓட்டம், 36 நிமிட ஓய்வு. விலை குறைவு, ஓசையும் குறைவு என்று 80 லிட்டர் தரும் சிறிய இயந்திரத்தை வாங்கினால் அது 75 சதவீதம், 45 நிமிடம், ஓட வேண்டும். சிறியது 55 டெசிபல், பெரியது 58 டெசிபல் என்று வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் அவை வெளியிடும் ஒலி ஆற்றலைக் கணக்கிட்டால் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே வருகின்றன. ஆனால் பெரியதில் உங்களுக்கு 36 நிமிட முழு அமைதி கிடைக்கிறது. சிறியதில் 15 நிமிடம்தான். அத்துடன், ஆயில்-ஃப்ரீ பிஸ்டன் இயந்திரங்கள் பலவும் பாதி நேரம் ஓடி, பாதி நேரம் ஆறுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அவற்றைத் தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் வளையங்கள் விரைவில் தேய்ந்து, காற்றளவு குறைந்து, அதனால் இன்னும் அதிக நேரம் ஓட வேண்டிய நிலை உருவாகும். ஓட்ட விகிதம் எவ்வளவு அனுமதிக்கப்படுகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டேங்கைப் பெரிதாக்கினால் இயந்திரம் குறைவாக ஓடும் என்று பலரும் நினைக்கிறார்கள், அது சரியன்று. ஓடும் விகிதத்தைத் தேவையும் காற்றளவுமே நிர்ணயிக்கின்றன. டேங்க் மாற்றுவது எத்தனை முறை தொடங்கி நிற்கிறது என்பதை. 5.5 பாரில் தொடங்கி 7.5 பாரில் நிற்கும்படி பிரஷர் ஸ்விட்ச் அமைந்திருந்தால், 50 லிட்டர் டேங்கில் பயன்படக்கூடிய காற்று 100 லிட்டர். நிமிடத்துக்கு 60 லிட்டர் செலவாகும்போது 100 நொடி ஓய்வு, 67 நொடி ஓட்டம். மணிக்கு 21 அல்லது 22 தொடக்கங்கள். அதே இயந்திரத்தை 24 லிட்டர் டேங்கோடு இணைத்தால் மணிக்கு 45 தொடக்கங்கள். தொடர்ந்து ஒரே சீராகக் கேட்கும் ஓசையைக் காது சற்று நேரத்தில் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். திடீரென்று தொடங்கும் ஓசைதான் திடுக்கிட வைக்கும். மோட்டாருக்கும் ஒவ்வொரு தொடக்கமும் சுமைதான். ஆகவே ஒரு சேருக்கு 30 லிட்டர், இரண்டு சேருக்கு 50 முதல் 80 லிட்டர் டேங்க் என்பது என் பரிந்துரை. டேங்கின் உட்புறம் துருப்பிடிக்காத பூச்சு கொண்டதாக இருக்கட்டும். தொட்டுப் பார்க்க முடியாத இடம் அது என்பதால் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இரண்டு குதிரைத்திறன் தேவைப்படும் இடத்தில் ஒரே பெரிய மோட்டாருக்குப் பதிலாக, ஒரு டேங்கின்மேல் தலா ஒரு குதிரைத்திறன் கொண்ட இரண்டு தலைகள் (மோட்டாரும் பிஸ்டனும் சேர்ந்த பகுதிகள்) அமைந்த இயந்திரத்தை நான் விரும்புவேன். இரண்டையும் தனித்தனி ஸ்விட்சில் வைத்துக்கொண்டால், கூட்டம் இல்லாத காலை வேளையில் ஒன்று மட்டும் ஓடும். ஓசை 3 டெசிபல் குறையும். ஒன்று பழுதானால் மற்றொன்று அன்றைய வேலையைத் தாங்கும்.

நான்காம் படி: எண்ணெய் இல்லாத, உலர்ந்த காற்று

"சைலண்ட்" என்ற பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் சில இயந்திரங்கள், குளிர்சாதனப் பெட்டியில் இருப்பது போன்ற மூடிய கம்ப்ரசரைக் கொண்டவை. அவற்றின் ஓசை உண்மையிலேயே 40 முதல் 45 டெசிபல்தான். ஆனால் அவை எண்ணெயில் மூழ்கி ஓடுபவை. நுண்துளிகளாக எண்ணெய் காற்றோடு கலந்து வரும், நாள்பட நாள்பட அதிகமாக வரும். காற்றால் வண்ணம் தெளிக்கும் ஏர்பிரஷுக்கு அது பொருந்தலாம். அமிலமிட்டுக் கழுவி உலர்த்திய பல்லின்மேல் எண்ணெய்ப் படலம் படிந்தால் பல் நிற அடைப்பான காம்போசிட் ஒட்டும் வலிமை குறையும். நோயாளியின் வாய்க்குள் செல்லும் காற்றில் எண்ணெய் இருப்பதும் ஏற்கத்தக்கதன்று. எனவே ஓசைக்காக இந்தச் சமரசத்தைச் செய்யவே கூடாது. டெஃப்லான் போன்ற தானே வழுக்கும் பொருளால் ஆன வளையம் கொண்ட ஆயில்-ஃப்ரீ பிஸ்டன் வகை பெரும்பாலோருக்கு ஏற்றது. சுருள் வடிவத் தகடுகளால் காற்றை அழுத்தும் ஸ்க்ரோல் வகை எண்ணெயின்றியே இன்னும் சீராகவும் குறைந்த ஓசையோடும் ஓடும். நீண்ட நேரம் தொடர்ந்து ஓடவும் தாங்கும். விலை அதிகம் என்பதால் நான்கு சேர்களுக்கு மேல் உள்ள இடங்களுக்கே அது கட்டுப்படியாகும்.

ஈரப்பதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் கடலோர ஊர்களில் ஏரோட்டரின் பேரிங்கை அதிகம் கெடுப்பது இதுதான். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் சுமார் 24 கிராம் நீராவி இருக்கிறது. நம் இரண்டு சேர் மருத்துவமனை நிமிடத்துக்கு 60 லிட்டர் வீதம் ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு ஈடான காற்றைச் செலவிட்டால், உள்ளிழுக்கப்படுவது ஏறத்தாழ 10.8 கன மீட்டர். அதோடு வரும் நீர் 260 கிராம். காற்று எட்டில் ஒரு பங்காகச் சுருங்கி ஆறும்போது அதில் சுமார் 200 மில்லி நீர் டேங்குக்குள் வடிந்துவிடும். மழைக்காலத்து மாலையில் டிரெயின் வால்வைத் திறந்தால் ஒரு டம்ளர் அளவு பழுப்பு நீர் கொட்டுவது இதனால்தான். தினமும் திறந்து விடாவிட்டால் இந்த நீர் டேங்கை உள்ளிருந்து துருவாக்கும், காற்று தங்கும் இடத்தைக் குறைக்கும், கிருமிகள் வளர இடம் தரும், கடைசியில் சிரிஞ்சு முனையிலிருந்து துளியாகச் சிதறும்.

டேங்கில் வடிவது போக எஞ்சிய நீராவியைக் குறைப்பதற்கு உலர்த்தி தேவை. அழுத்தப்பட்ட காற்றின் தூய்மையை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 8573-1 தரநிலையில், அழுத்தத்தில் உள்ள காற்றின் பனிநிலை (நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரி என்பது நான்காம் வகுப்பு, உறைநிலைக்குக் கீழ் 20 டிகிரி என்பது மூன்றாம் வகுப்பு, 40 டிகிரி என்பது இரண்டாம் வகுப்பு. குளிரூட்டி உலர்த்தும் கருவி நான்காம் வகுப்பைத் தரும். ஈரம் உறிஞ்சும் மணிகள் கொண்ட உலர்த்தியும், மென்படலத்தின் வழியே ஈரத்தைப் பிரிக்கும் மெம்பிரேன் உலர்த்தியும் அதைவிட உலர்ந்த காற்றைத் தரும். பல் சிகிச்சைக்குப் பின்னிரண்டில் ஒன்றே சிறந்தது. ஆனால் அவை தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ள, உருவான காற்றில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே நாம் தேடும் 150 லிட்டர் என்பது உலர்த்தியைத் தாண்டிய பிறகு கிடைக்கும் அளவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உலர்த்திக்கு இப்போது வழியில்லை என்பவர்கள், தலைக்கும் டேங்குக்கும் இடையில் செம்புக் குழாய்ச் சுருளும் விசிறியும் கொண்ட ஆற்றியையும், நீர் பிரிப்பானையும் மட்டுமாவது பொருத்திக்கொள்ள வேண்டும். கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், ஒலித்தடுப்புப் பெட்டியை விட்டுவிட்டு உலர்த்தியை வாங்குங்கள். பெட்டியின் வேலையை ஒரு செங்கல் சுவர் செய்துவிடும். உலர்த்தியின் வேலையை வேறு எதுவும் செய்யாது.

காற்றின் தூய்மையை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சுத்தமாகத் துடைத்த வாய்க் கண்ணாடியைச் சிரிஞ்சு முனைக்கு இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, காற்றை மட்டும் அரை நிமிடம் செலுத்திப் பாருங்கள். பனி போல் படிந்து உடனே மறைந்தால் ஈரம். விரலால் தொட்டால் வழவழவென்று இழுபட்டால் எண்ணெய். ஏரோட்டருக்கு இடும் எண்ணெய் சிரிஞ்சில் வர வழியில்லை என்பதால், அங்கே எண்ணெய் தெரிந்தால் அது கம்ப்ரசரிலிருந்து வந்ததே.

ஐந்தாம் படி: டெசிபல் எண்ணைப் படிக்கும் முறை

இப்போதுதான் ஓசைக்கு வர வேண்டும். டெசிபல் என்பது மடக்கை அளவு. 3 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் இருமடங்காகும். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இருமடங்கு உரத்துக் கேட்கும். சாதாரண உரையாடல் சுமார் 60 டெசிபல். எனவே 54 டெசிபல் இயந்திரத்துக்கும் 68 டெசிபல் இயந்திரத்துக்கும் உள்ள வேறுபாடு, எதிரெதிரே உட்கார்ந்து இயல்பாகப் பேச முடிவதற்கும் குரலை உயர்த்த வேண்டியிருப்பதற்கும் உள்ள வேறுபாடு.

ஒரு எண்ணை மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள். மூன்று விவரங்களைச் சேர்த்துக் கேளுங்கள். எத்தனை மீட்டர் தொலைவில் அளந்தது? திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்போது 6 டெசிபல் குறைவதால், ஒரு மீட்டரில் 66 என்று காட்டும் இயந்திரத்தை இரண்டு மீட்டரில் அளந்து 60 என்று எழுதிவிட முடியும். பெட்டியோடு அளந்ததா, பெட்டி இல்லாமலா? பெட்டிக்குத் தனி விலை என்றால் இந்த வேறுபாடு முக்கியம். எந்த அழுத்தத்தில் அளந்தது? சுமையில்லாமல் ஓடும்போது எல்லா இயந்திரமும் அடக்கமாகத்தான் இருக்கும்; 6 பாருக்கு மேல் ஏறும்போதுதான் அதன் உண்மைக் குரல் வெளிப்படும். தாளில் தரப்பட்டிருப்பது ஒலித் திறன் அளவாக (இயந்திரம் மொத்தமாக வெளியிடும் ஒலியின் அளவு) இருந்தால், தரையில் நிற்கும் இயந்திரத்துக்கு ஒரு மீட்டர் தொலைவில் கேட்கும் அளவு அதைவிடச் சுமார் 8 டெசிபல் குறைவாக இருக்கும். ஒரு நிறுவனத்தின் திறன் எண்ணை இன்னொன்றின் தொலைவு எண்ணோடு ஒப்பிட்டால் நல்ல இயந்திரத்தைத் தவறாக ஒதுக்கிவிடுவோம். கைப்பேசிச் செயலிகளின் அளவு துல்லியமானதன்று என்றாலும், ஒரே கைப்பேசியால் ஒரே தொலைவில் இரண்டு இயந்திரங்களை ஒப்பிட அவை உதவும்.

எண்ணைவிட ஓசையின் தன்மை சில நேரம் முக்கியம். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு முனை மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்றும், இரண்டு முனை மோட்டார் சுமார் 2,850 சுற்றும் ஓடும். மெதுவாக ஓடுவதே பொதுவாக ஓசையும் தேய்மானமும் குறைந்தது. பெயர்த்தகட்டில் உள்ள சுற்று எண்ணைப் பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும், தலைக்கும், டேங்கின் காற்றைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் இடையில் சிக்கிய காற்றைப் பிரஷர் ஸ்விட்ச் "புஸ்" என்று வெளியேற்றும். ஒரு நொடியில் அது அடங்க வேண்டும்; நின்ற பிறகும் சீறிக்கொண்டே இருந்தால் நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். "புஸ்" என்று காற்று வெளியேறும் வாயில் சிறு சைலன்சர் திருகிவிட்டால் ஓசை பெரிதும் குறையும். ஓசையில் பெரும்பங்கு காற்று உள்ளிழுக்கும் வாயிலிருந்து வருவது. அங்கே ஃபில்டரோடு சைலன்சரும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறாம் படி: வைக்கும் இடம்

சிகிச்சை அறையின் மூலையிலும், கழிவறையிலும், ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கோ சக்ஷன் மோட்டார் காற்றை வெளியேற்றும் வாய்க்கோ அருகிலும் கம்ப்ரசரை வைக்கக் கூடாது. அது இழுக்கும் காற்றுதான் நோயாளியின் வாய்க்குள் போகிறது. சன்ஷேடின்மேல் வைத்து மழை படவிடுவதும், மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குள் அடைப்பதும் நம் ஊரில் அடிக்கடி நடப்பவை. பெரும்பாலான இயந்திரங்களுக்குச் சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. வேலூர், திருச்சி போன்ற ஊர்களில் மே மாதத்தில் நிழலிலேயே அந்த வெப்பம் வந்துவிடுகிறது, தகரத்துக்குக் கீழே கேட்கவே வேண்டாம்.

படிக்கட்டுக்கு அடியில் உள்ள சிறு அறையோ, பின்புறம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரால் பிரிக்கப்பட்ட சேமிப்பறையோ சிறந்த இடம். ஒலியைத் தடுப்பது கனம். பஞ்சு மெத்தையைச் சுவரில் ஒட்டுவதால் எதிரொலி குறையுமே தவிர, மோட்டாரின் தாழ்ந்த முழக்கம் அதை ஊடுருவி வந்துவிடும். ஒட்டுப்பலகைத் தடுப்பைவிடச் செங்கல் சுவரும், கீழே இடைவெளியில்லாமல் மூடும் கனமான கதவும் பல மடங்கு பயன்தரும். அதே நேரத்தில் காற்றோட்டத்தை அடைத்துவிடக் கூடாது. இரண்டு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது எடுக்கும் 1.5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே அந்த அறையில் இறங்குகிறது. ஆகவே தாழ்வாக ஒரு காற்று வழியும், உயரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டும். இரண்டும் சிகிச்சை அறைப் பக்கமும் அண்டை வீட்டுச் சன்னல் பக்கமும் பார்க்காமல் இருக்கட்டும்.

அதிர்வைத் தடுப்பது ஓசையைத் தடுப்பதற்கு இணையான வேலை. இயந்திரத்தின் கால்களுக்கு அடியில் அதன் எடைக்கு ஏற்ற ரப்பர் தாங்கிகளை வையுங்கள். கடினமான ரப்பர் கட்டையை வைத்தால் அதிர்வு அப்படியே தரைக்குள் இறங்கும். சுவரில் பொருத்திய தாங்கியின்மேல் வைக்க வேண்டாம். சுவர் முழுவதும் ஒலிபெருக்கியாகிவிடும். டேங்கிலிருந்து கிளம்பும் முதல் ஒரு மீட்டர் வளையும் ஹோஸாக இருக்க வேண்டும். நேரடியாகக் கெட்டிக் குழாயை இணைத்தால் அதிர்வு அதன் வழியே சேர் வரை பயணம் செய்யும். மாடியில் உள்ள மருத்துவமனை என்றால் தளத்தின் நடுவில் வைக்காமல், தூணுக்கோ உத்தரத்துக்கோ அருகில் வையுங்கள்.

குழாய் விஷயத்தில் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: தண்ணீருக்கு இடும் பி.வி.சி. குழாயை அழுத்தக் காற்றுக்குப் பயன்படுத்தாதீர்கள். அது உடையும்போது துண்டுகளாக வெடித்துச் சிதறும். செம்பு, அலுமினியம், அழுத்தக் காற்றுக்கென்றே தரச்சான்று பெற்ற பாலியூரித்தேன் குழாய் ஆகியவை ஏற்றவை. உள்விட்டம் 10 முதல் 12 மில்லிமீட்டர் இருக்கட்டும். குறுகிய குழாயில் அழுத்தம் வீணாகி, அதை ஈடுகட்ட ஸ்விட்சை உயர்த்தி, அதனால் ஓசையும் ஏறும். டேங்குக்கு அடுத்து மூடும் வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும். இரவில் அதை மூடி மின்சாரத்தையும் நிறுத்திவிட்டுச் செல்வதைப் பழக்கமாக்குங்கள். இல்லாவிட்டால் சேரில் உள்ள சிறு கசிவால் அழுத்தம் இறங்கி, ஆள் இல்லாத கட்டடத்தில் நள்ளிரவு இரண்டு மணிக்கு இயந்திரம் தானே ஓடத் தொடங்கும். அண்டை வீட்டார் புகார்களில் நியாயமானவை பலவும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

ஏழாம் படி: மின்சாரம்

தொடங்கும் நொடியில் மோட்டார் தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். எனவே பிற கருவிகளோடு சேர்க்காமல் தனி வயரும், மிகை மின்னோட்டத்தில் தானே துண்டிக்கும் தனி எம்.சி.பி.யும் கொடுங்கள். மாலையில் மின்னழுத்தம் தாழும் பகுதி என்றால், தாழ்ந்த மின்னழுத்தத்தில் மோட்டார் தொடங்க முடியாமல் உறுமி நின்று கெப்பாசிட்டர் எரிந்துபோக வாய்ப்புண்டு. அதன் தொடக்க மின்னோட்டத்தையும் தாங்கும் ஸ்டெபிலைசர் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு இன்வெர்டரை நம்ப வேண்டாம். மின்சாரம் போனால், 7.5 பாரில் நிறைந்த 50 லிட்டர் டேங்கில் 4 பார் வரை இறங்க 175 லிட்டர் காற்று இருக்கும்; ஒரு சேருக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். கையில் உள்ள வேலையை நல்லபடியாக நிறுத்த அது போதும்.

எட்டாம் படி: வாங்குவதும் பொறுப்பேற்பதும்

கோயம்புத்தூரின் எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் முதல் ஜெர்மனியின் டூர் டென்டல் வரை பல நிறுவனங்களின் இயந்திரங்கள் இங்கே கிடைக்கின்றன. பெயரைவிட, உங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் வந்து சேரக்கூடிய தொழில்நுட்பர் யார் என்பதை முதலில் விசாரியுங்கள். பிஸ்டன் வளையத் தொகுப்பு, வால்வுத் தகடு, கெப்பாசிட்டர், ஃபில்டர் ஆகிய நான்கும் அந்த விற்பனையாளரிடம் கையிருப்பில் இருக்கின்றனவா, வளையத்தை எத்தனை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மாற்ற வேண்டும், தலைக்கும் டேங்குக்கும் தனித்தனியாக எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பவற்றை விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டர் இல்லாத இயந்திரத்தில் அதைத் தனியே பொருத்தச் சொல்லுங்கள். செலவு சிறிது, பயன் பெரிது. அதே இயந்திரத்தை ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தும் மருத்துவர் ஒருவரிடம், முடிந்தால் நேரில் சென்று, மாலை வேளையில் கேட்டுப் பாருங்கள். புதிய இயந்திரத்தின் ஓசையைவிட ஓராண்டு ஓடிய இயந்திரத்தின் ஓசையே உங்களுக்குத் தேவையான தகவல்.

நிறுவிய அன்று பணம் முழுவதையும் கொடுப்பதற்கு முன், 4 பாரிலிருந்து 6 பாருக்கு ஏறும் நேரத்தை மறுபடி அளந்து, இரண்டு சேர்களிலும் ஏரோட்டரை ஒருசேர ஓட்டி அழுத்தம் 5 பாருக்குக் கீழே இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு எல்லாக் கருவிகளையும் நிறுத்தி, மின்சாரத்தையும் நிறுத்தி, அழுத்தமானியின் நிலையைக் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். முள் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் சோப்பு நீரைத் தூரிகையில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து அன்றே சரிசெய்யச் சொல்லுங்கள்.

அன்று அழுத்தம் 4 பாரிலிருந்து 6 பாருக்கு ஏற எடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதி இயந்திரத்தின்மேல் ஒட்டிவையுங்கள். உதவியாளர் தினமும் மாலையில் டேங்கின் நீரை வடிப்பதும், மாதம் ஒரு முறை அந்த நேரத்தை அளந்து தேதியோடு கீழே எழுதுவதும் வழக்கமாகட்டும். 40 நொடி 48 நொடியாக நீண்டால் முதலில் உள்ளிழுக்கும் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். தூசி மிகுந்த தெருவில் ஆறு மாதத்துக்குள்ளேயே அது அடைபட்டுவிடும். மாற்றிய பின்னும் நேரம் இறங்கவில்லை என்றால் வளையமோ வால்வுத் தகடோ தேய்ந்திருக்கிறது. இயந்திரம் முற்றாக நிற்கும் வரை காத்திராமல் அப்போதே தொழில்நுட்பரை அழையுங்கள்.